அதிகாரிக்கு வராத அவசரம்

மூன்றாவது கோப்பையும் காலியாகிவிட்டது. வலயக் கல்விப் பணிப்பாளர் வடமலை கோப்பையைச் சாஸரில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தேயிலை மலையைப் பார்த்தபடி, பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

விஞ்ஞான டீச்சர் யசோதினி அவர் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கவில்லை. கால் ஆடவில்லை. நாற்காலியில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயவுமில்லை. ஒன்பது மணியிலிருந்து அறுநூறு மில்லிலீற்றர் தேநீர் உள்ளே போயிருக்கிறது. மனிதர் கோயில் தூண் மாதிரி இருக்கிறார்.

"இன்னொரு டீ போடச் சொல்லவா சேர்?" என்றாள்.

"சொல்லுங்க" என்றார் அவர்.

அதுதான் சங்கடம். அவர் எதையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. விருந்தாளியைத் தனியாகக் குடிக்க விடுவது மரியாதை இல்லை என்பது அதிபர் பொன்னையாவின் கொள்கை. ஆகவே பணிப்பாளர் ஒரு கோப்பை குடித்தால் அதிபரும் ஒரு கோப்பை, யசோதினியும் ஒரு கோப்பை. பணிப்பாளருக்கென்று அவள் போட்ட திட்டத்தில் அறுநூறு மில்லிலீற்றர் அவளுக்குள்ளேயும் இறங்கியிருந்தது.

தெமோதரை ரயில் நிலையத்திலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் அந்தத் தோட்டப் பாடசாலை. இருநூற்று நாற்பது பிள்ளைகள். சென்ற வருட மழையில் பின்பக்கத்து மண்மேடு சரிந்தபோது, புதிதாகக் கட்டிய மலசலகூடம் அதனோடு போய்விட்டது. எஞ்சியது தோட்டத்துக்காரர்கள் ஒரு காலத்தில் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை. கூரையில் பாதித் தகரம்தான் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பையன்கள் தேயிலைக்குள் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை.

காலை ஏழு மணிக்குத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடித்துவிட்டு வந்தால், பிற்பகல் இரண்டு மணிக்கு லயத்துக்குத் திரும்பித்தான் அடுத்த மிடறு. பதினொரு மணிக்கெல்லாம் உதடுகள் வெடித்திருக்கும். ஒன்பதாம் தர வகுப்பில் இரண்டு பேர் இந்த வருடம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார்கள். ஒருத்தி அதற்குப் பிறகு பாடசாலைப் பக்கமே வரவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று கடிதங்கள் போயின. பரிசீலனையில் இருப்பதாக மூன்று பதில்கள் வந்தன.

வடமலை பதுளைக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வவுனியாப் பக்கம் நெடுநாள் இருந்தவர் என்பதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அவரைப் பற்றி அடிபட்ட பேச்சு இரண்டே இரண்டு. வாய் திறக்க மாட்டார். கண்ணால் பார்க்காத எதையும் எழுத மாட்டார். புதிய மலசலகூடத்துக்கு ஏழு பாடசாலைகள் விண்ணப்பித்திருந்தன. மூன்றுக்குத்தான் கிடைக்கும். பட்டியல் நாளைக்குப் போகிறது.

கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் முடிந்தது என்றுதான் யசோதினி நினைத்தாள். அதிபர் மறுத்துவிட்டார்.

"வந்த அதிகாரிக்குக் கக்கூஸக் காட்டுறதா? நாளைக்கு வலயத்துல என்னைய என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க டீச்சர்? அவரா கேட்டா வேற விஷயம்."

அவராகக் கேட்டால், என்ன செய்வது என்பதற்கும் அதிபரிடம் ஏற்பாடு இருந்தது. பக்கத்திலிருந்த தோட்டத்துக் கிளாக்கர் வீட்டு மலசலகூடத்தின் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தார். வெள்ளைத் தரை, பூட்டுப் போடும் கதவு, புதுச் சவர்க்காரம். அதிகாரி அங்கே போய்த் திருப்தியாக வந்தால் பட்டியலில் இந்தப் பாடசாலையின் பெயர் எப்படி வரும்?

ஆகவே யசோதினிக்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். பணிப்பாளருக்கு அவசரம் வர வேண்டும். வரும்போது அதிபர் பக்கத்தில் இருக்கக்கூடாது.

முதலாவது காரியம் சுலபம் என்றே அவள் நம்பினாள். போன மாதம்தான் பத்தாம் தரத்துக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருந்தாள். சிறுநீர்ப்பை நிறைய நிறைய அதன் சுவர் விரிகிறது. விரிவதைச் சுவரிலிருக்கும் நரம்பு நுனிகள் உணர்கின்றன. அந்தச் செய்தி முள்ளந்தண்டு வழியே மூளைக்கு ஏறுகிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டதால் கதையை மாற்றினாள். சிறுநீர்ப்பை கீழே இருக்கிற லயம். மூளை மேலே இருக்கிற துரையின் பங்களா. நரம்பு, நடுவே கடிதம் சுமந்து நடக்கிற தப்பால்காரன். 'இங்கே இடம் போதவில்லை' என்று லயத்திலிருந்து தப்பால் போகிறது. 'பொறு' என்று பங்களாவிலிருந்து பதில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் அடுத்த தப்பால். அதற்கும் 'பொறு.'

"பங்களாவுல தப்பாலப் பிரிக்காமலே வச்சிருந்தாங்கன்னா டீச்சர்?" என்று தனுஜா என்ற பிள்ளை கேட்டாள்.

"லயத்து ஆளுங்களே மேல ஏறி வந்துருவாங்க" என்றாள் யசோதினி. வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடமானது. பாடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இப்போது நான்காவது கோப்பைக்குச் சொல்லியாகிவிட்டது. வடமலையின் லயத்திலிருந்து ஒரு தப்பாலும் கிளம்பிய அடையாளம் இல்லை. யசோதினியின் தப்பால்காரன் இரண்டு நடை நடந்துவிட்டான்.

தேநீர் தனியே போதாது என்று அவளுக்குத் தோன்றியது. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பங்களாவின் மனம் இளகும். அதையும் பாடத்தில் சொல்லியிருந்தாள்.

"சேர், விஞ்ஞான அறையை ஒருக்காப் பாக்கலாமா? பிள்ளைங்க செஞ்ச மாதிரி உருவமெல்லாம் இருக்கு."

அவர் எழுந்தார். அதிபரும் எழுந்தார். விஞ்ஞான அறையில் பிள்ளைகள் பலூனும் ரப்பர்க் குழாயும் கொண்டு செய்த சிறுநீர்த்தொகுதி ஒன்று மேசையில் நின்றது. அதை விளக்க வேண்டுமென்ற சாக்கில் யசோதினி பைப்பைத் திறந்தாள். மெல்லிய தாரையாக ஓட விட்டுவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். சளசளவென்ற சத்தம் அறையெங்கும் நிறைந்தது.

பணிப்பாளர் பலூனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் போதவில்லையோ என்று அவள் இன்னும் ஒரு திருகு திருகினாள். பைப்பின் தலை கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் கூரைக்கு எழும்பியது. யசோதினி உள்ளங்கையால் பொத்தினாள். அது விரலிடுக்கு வழியே நான்கு பக்கமும் பீறிட்டு அதிபரின் மேல்சட்டையை நனைத்தது. பொன்னையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது; நீரிழிவு, சீனி வருத்தம் வேறு. அவர் முகத்தில் ஏதோ ஒரு யோசனை வந்தது. வலது கையால் சட்டைப் பையைத் தடவிச் சாவி இருக்கிறதா என்று பார்த்தார். வெளியே போனார். வாசல்வரை நடந்தார். அதன் பிறகு ஓடினார்.

கிளாக்கர் வீட்டுப் பாதையில் தேயிலைக்கு மேலாக அவருடைய தலை மட்டும் துள்ளித் துள்ளிப் போவதை ஜன்னல் வழியே பணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டு வந்து, யசோதினியை விலகச் சொல்லித் தலையசைத்து, பீறிடும் குழாயைத் தன் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தார்.

யசோதினி கணக்குப் போட்டாள். அதிபர் போயாயிற்று, சாவியும் போயாயிற்று. மலையிலிருந்து நேரே இறங்குகிற தண்ணீர், பனிக்கட்டி போலக் குளிரும். அதில் கையை வைத்துக்கொண்டு, மூன்று கோப்பைத் தேநீரோடு, எந்தப் பங்களாதான் தாங்கும்?

பாடசாலையைக் கூட்டித் தேநீர் போடுகிற இராக்கம்மா, குச்சியொன்றைச் சீவித் துணி சுற்றிக்கொண்டு வந்து குழாயை அடைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அந்தப் பத்து நிமிடமும் பணிப்பாளர் அசையாமல் நின்றார். அடைத்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாஷர் தேஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவருக்கு வராத அவசரம் யசோதினிக்கு வந்துவிட்டது. பத்து நிமிடம் தண்ணீர்ச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள்தானே. தப்பால்காரன் இப்போது நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தான். 'பொறு' என்று பதில் எழுதினாள். அதை அவன் கையில் வாங்குவதற்குள் அடுத்த தப்பால் வந்தது. ஒரு நிமிடம் போய்வந்துவிடலாம்தான். ஆனால் அதிபர் இல்லாத நேரத்தில், வந்த அதிகாரியைத் தனியே விட்டுவிட்டு ஒரு டீச்சர் எங்கே போனாள் என்று கேட்டால் என்ன சொல்வது? அதிபர் காட்டவே கூடாதென்று சொன்ன இடத்துக்கு என்றா?

கடைசியாகக் குளிர் இருந்தது. பாடசாலைத் தோட்டம் மலைவிளிம்பில். எல்ல ஊர்ப்பக்கத்து மலை இடைவெளியிலிருந்து வருகிற காற்று நேரே அங்கேதான் மோதும். அங்கே ஐந்து நிமிடம் நின்றால் ஆடுமாடுகளுக்கே அவசரம் வரும். லீக்ஸ் காய்கறிப் பாத்தியைக் காட்டுவதாகச் சொல்லி அவரைக் கூட்டிப்போனாள்.

வடமலைக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. விளிம்பில் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பனி கீழிருந்து ஏறி அவருடைய கோட்டின் மேல் படிந்தது. அவர் பேசவில்லை. லீக்ஸைப் பார்க்கவும் இல்லை. பேசாத மனிதர்களில் சிலர் பேச ஒன்றுமில்லாமல் இருப்பார்கள். சிலர் உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் இரண்டாவது வகை என்று வேறொரு நாளாக இருந்தால் யசோதினிக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவளால் தனக்குள் கேட்ட ஒரே குரலைத் தவிர வேறெதையும் கேட்க முடியவில்லை. ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்து நின்றாள். ஏழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொன்னாள். எட்டாம் வாய்ப்பாட்டுக்குப் போனாள்.

கால்மணி நேரம் கழித்துக் கீழே எங்கோ ரயில் கூவியது.

"பிந்தித்தான் வருது" என்றார் பணிப்பாளர்.

ஆமாங்க சேர் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பாத்திகளுக்கு நடுவே இராக்கம்மா தட்டோடு வந்து நின்றாள். தட்டில் நான்காவது தேநீர், இரண்டு கோப்பை.

வேண்டாமென்று யசோதினி கண்ணால் காட்டினாள். இராக்கம்மாவுக்கு அது புரியவில்லை.

"என்னங்க டீச்சர் முழிக்கிறீங்க? நீங்கதானே சொன்னீங்க, நிப்பாட்டச் சொல்ற வரைக்கும் ஐயாவுக்கு ஊத்திக்கிட்டே இருன்னு."

பணிப்பாளர் முதன்முறையாக யசோதினியின் முகத்தை நேராகப் பார்த்தார். ஒரு கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டு, மற்றதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களும் எடுங்க டீச்சர்."

அவள் எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். அந்த ஒரு மிடறுதான். பங்களாவின் கதவை யாரோ வெளியிலிருந்து உதைத்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க சேர்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைப் பாத்தியில் வைத்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வகுப்பறைகளைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். அதிபர் ஓடியதைவிட வேகமாக ஓடினாள்.

தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவு தானாக உள்பக்கம் சாய்ந்து திறந்துகொள்ளும். அதற்காக வெளிப்பக்கத்தில் நீளமான ஒரு கயிறு கட்டியிருந்தது. ஒருத்தி உள்ளே போனால், இன்னொருத்தி கயிற்றின் மறுமுனையைக் கொண்டுபோய்ச் சுவரின் மூலைக்கு அப்பால் நின்று, திரும்பிப் பார்க்காமல், இழுத்துப் பிடித்துக்கொள்வாள். உள்ளே இருப்பவள் முடிந்ததும் கதவை இரண்டு தடவை வெட்டி இழுப்பாள். உடனே கயிற்றைத் தளர்த்த வேண்டும். யார் இதை எந்தக் காலத்தில் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். யசோதினிக்கும் பிள்ளைகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சாவி வைத்திருந்த அதிபருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாட நேரம். சுற்றுமுற்றும் ஒரு பிள்ளையும் இல்லை. அவள் உள்ளே பாய்ந்து, கதவை முழங்கையால் தாங்கிக்கொண்டு, வெட்கத்தை விட்டுக் கத்தினாள்.

"யாராவது கயித்தப் புடிங்க."

சில கணங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலடிச் சத்தம் கேட்டது. கயிறு மண்ணில் உரசிக்கொண்டு எழுந்தது. கதவு கெட்டியாக நிலையில் பொருந்திக்கொண்டது.

பாதித் தகரத்துக்கு நடுவே வானம் தெரிந்தது. லயத்துக்கும் பங்களாவுக்கும் சமாதானம் ஏற்பட்டது. உலகத்தில் எல்லாம் ஒருநாள் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, இப்படிப்பட்ட நேரங்களில் மனிதருக்கு வருவதுபோல, அவளுக்கும் வந்தது. அதிகாரிக்கு அவசரம் வரவில்லை என்றால் என்ன? கையைப் பிடித்து இழுத்துவந்தாவது காட்டிவிட வேண்டியதுதான். அதிபர் வைதால் வையட்டும்.

கதவை இரண்டு தடவை வெட்டி இழுத்தாள். கயிறு உடனே தளர்ந்தது.

"நல்ல பிள்ளைடி தனுஜா" என்று சொல்லிக்கொண்டே மூலை திரும்பினாள்.

அங்கே பணிப்பாளர் வடமலை நின்றுகொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடி, மலையைப் பார்த்தபடி. ஒரு கையில் கயிறு. மறுகையில் நான்காவது கோப்பை; காலி.

அவர் கயிற்றை அழகாகச் சுருட்டிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். கூரையைப் பார்த்தார். சரிந்த மண்மேட்டைப் பார்த்தார். கோப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஜீப் நின்ற பக்கம் நடந்தார்.

கிளாக்கர் வீட்டில் நனைந்த சட்டையை உலர்த்திக்கொண்டு திரும்பி வந்த அதிபருக்கு இராக்கம்மா நடந்ததைச் சொல்லிவிட்டாள். அவர் அலுவலகத்துப் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு பணிப்பாளரக் கொண்டாந்து கக்கூஸ் கயித்தப் புடிக்க வச்சிட்டீங்களே டீச்சர். பட்டியலாவது ஒண்ணாவது. நம்ம ரெண்டு பேரையும் எங்க தூக்கிப் போடப்போறாரோ."

"பாத்துட்டாருல்ல சேர்" என்றாள் யசோதினி. "எங்க வேணும்னாலும் தூக்கிப் போடட்டும். பாத்துட்டாரு."

ஜீப் புறப்படும் சத்தத்தை இருவரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சாரதி றில்வான் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்து, பணிப்பாளர் கொடுக்கச் சொன்னதாக ஒரு நீள உறையை நீட்டினார்.

யசோதினிதான் வாங்கிப் பிரித்தாள். உள்ளே சிபாரிசுக் கடிதம்: ஆறு அறைகள் கொண்ட மலசலகூடம். பெண்பிள்ளைகளுக்கு நான்கு, உள்தாழ்ப்பாளுடன். தண்ணீர்த் தாங்கி ஒன்று. முன்னுரிமை இலக்கம் ஒன்று. கீழே வடமலையின் கையெழுத்து. அவள் மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை வாசித்தாள். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வருடத்தில் முதல் தடவையாக அதிபரும் அவளும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர், இதுல நேத்துத் தேதி போட்டிருக்கு" என்றார் அதிபர்.

நேற்றைய தேதிதான். கையெழுத்தும் தேதியும் ஒரே மையில். பார்க்காமல் எழுத மாட்டார் என்று சொன்னார்களே. நேற்று இங்கே வராத மனிதர் எதைப் பார்த்து எழுதினார்? அதைவிட இன்னொன்று அவளை உறுத்தியது. இரண்டு வெட்டு இழுத்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"எனக்கு ஒண்ணுமே வெளங்கல றில்வான்" என்றாள். "நாலு கப் டீ. பத்து நிமிஷம் பச்சைத் தண்ணியில கை. கால்மணி நேரம் பனியில நின்னாரு. ஒருக்காலாவது எங்க போறதுன்னு கேக்கலையே மனுஷன்."

றில்வான் வாசல் வழியே தெரிந்த அலுவலக மேசையில் வரிசையாக இருந்த கோப்பைகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சிரிப்பை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீங்க எத்தின கப் ஊத்தினாலும் சேர் இங்க போக மாட்டார் டீச்சர், எட்டாம் ஆண்டு வரைக்கும் இந்த ஸ்கூல்ல தானே அவர் படிச்சது."